ஊரிலிருந்து ஆள் வந்தால்: மலாக்காவா, பாத்தாமா?

சிங்கப்பூருக்கு நம்மைப் பார்க்க வருவது அப்பா அம்மா என்றால், வார இறுதியில் கூட்டிப்போக மலேசியாவில் இருக்கும் மலாக்காதான். பஸ்ஸில் சுமார் 240 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பினால் எல்லையில் உள்ள உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பையோடு இறங்கி, நீண்ட வரிசையில் நின்று, மறுபடி பஸ்ஸைத் தேடி ஏற வேண்டும், முட்டிவலிக்காரர்கள் பாவம், அதனால் சனிக்கிழமை விடிகாலையே கிளம்புங்கள். அங்கே 1781-இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில், கொஞ்சம் நடந்தால் மசூதி, சீனக் கோயில், ராத்திரி ஜோங்கர் தெருச் சந்தை என்று பொழுது போவதே தெரியாது. இந்தோனேசியத் தீவான பாத்தாமுக்கு, சிங்கப்பூரின் ஹார்பர்ஃபிரண்ட் படகுத்துறையிலிருந்து ஃபெர்ரியில் ஒரு மணி நேரம்தான். நண்பர்கள் வந்தால் சரி, கடல் உணவு, மசாஜ், அரட்டை. பெரியவர்களுக்குச் சுற்றிக்காட்ட அவ்வளவாக ஒன்றும் இல்லை. அப்புறம், எங்கே போவதானாலும் வந்தவர்களின் விசாவில் சிங்கப்பூருக்குத் திரும்ப நுழைய முடியுமா என்று டிக்கெட் எடுக்குமுன் பார்த்துவிடுங்கள்.