விண்டோஸ் 10-க்குப் பிறகு மின்டா, 11-ஆ? முதலில் பிரிண்டரைப் பாருங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அன்றிலிருந்து மதுரையில் எந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாலும், கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு அடிக்கும் இடத்துக்குப் போனாலும் ஒரே பேச்சுதான்: "இந்த சிஸ்டம் இனி ஓடாதாம்ல, மாத்தணுமாம்ல?" ஓடும். ஓட்டை கண்டுபிடித்தால் அடைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆனால் ஊரார் ஆதார் நகலும் பத்திர நகலும் வாட்ஸ்அப்பில் வந்து இறங்கும் கம்ப்யூட்டரை ஓட்டையோடு வைத்திருப்பது பெரிய தப்பு. ஏதாவது ஒன்றைச் செய்தே ஆக வேண்டும்.

வழி மூன்று. பணம் கட்டியோ கட்டாமலோ ஒரு வருட நீட்டிப்பு வாங்குவது. விண்டோஸ் 11 ஓடும் வேறு பெட்டி வாங்குவது. இருக்கிற பெட்டியிலேயே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடுவது. என் சாய்வு மூன்றாவது பக்கம். ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம் உள்ள பெட்டியில் மின்ட் போட்டு, அதிலேதான் இதை அடிக்கிறேன்.

நீட்டிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை அவர்கள் கிளவுடில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் இலவசம்; வேண்டாம் என்றால் 30 டாலர் அல்லது அதற்கு ஈடான தொகை. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். ஒரு கணக்கில் 10 கம்ப்யூட்டர் வரை சேர்க்கலாம். 2026 அக்டோபர் 13 வரை தாங்கும். யோசிக்க அவகாசம் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேறு பெட்டி வாங்கக் கிளம்பும் முன், உங்கள் பெட்டிக்கு 11 உண்மையிலேயே ஏறாதா என்று பாருங்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, அதற்கு மேல்தான் ஏற்பார்கள் என்பது பொது விதி. 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் இருக்கிறதா என்று, ரன் பெட்டியில் "டிபிஎம்.எம்எஸ்சி" (tpm.msc) அடித்துப் பாருங்கள். டிபிஎம் இல்லை என்று வந்தால் உடனே நம்பிவிடக் கூடாது. பல போர்டுகளில் அது பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி ஆன் செய்ய வேண்டும். டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்தால், 11 எதிர்பார்க்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வராது. விண்டோஸுடன் வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவி டேட்டாவை அழிக்காமலே புதிய ஜிபிடி முறைக்கு மாற்றித் தரும். மாற்றிய கையோடு பயாஸில் பூட் முறையை லெகசியிலிருந்து யுஇஎஃப்ஐக்கு மாற்றவில்லை என்றால் பெட்டி பூட் ஆகாது. இதைப் பார்க்காமலே எட்டாம் தலைமுறைப் பெட்டியை "இது தேறாது" என்று தள்ளிவிட்டுப் புதிது விற்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஏழாம் தலைமுறையும் அதற்குக் கீழும் என்றால் ரூஃபஸ் என்ற பென்டிரைவ் தயாரிக்கும் கருவியை வைத்துச் சோதனையைத் தாண்டி 11-ஐ ஏற்றலாம். வீட்டுக்குச் சரி, கடைக்கு வேண்டாம். அப்படி ஏற்றிய பெட்டிக்கு அப்டேட் கட்டாயம் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. வருடாந்திரப் பெரிய அப்டேட்டை ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டிவரும்.

டேலியில் கணக்குப் பார்ப்பவர், விரல்ரேகைக் கருவி வைத்து வேலை செய்பவர், பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர் எல்லாரும் விண்டோஸிலேயே இருங்கள். 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7-ஐ, விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டித் தரும் வைன் மூலம் லினக்ஸில் ஓட்டிப் பார்க்கலாம்தான். ஆனால் ஆவணி முகூர்த்த நெருக்கடியில் அதை நம்பி ஆர்டர் பிடிக்காதீர்கள்.

மற்றபடி பிரவுசர், பிடிஎஃப், மனு, ரெஸ்யூம், ஆன்லைன் விண்ணப்பம், பிரிண்ட் இவ்வளவுதான் வேலை என்றால் மின்ட் தாராளமாகப் போதும். அதன் 22-ஆம் வரிசை, உபுண்டு என்ற லினக்ஸின் 24.04 பதிப்பின் மேல் நிற்பதால் 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ரேம் என்றால் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 என்றால் சின்னமன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி மாட்டுங்கள். பழைய பெட்டிக்குப் போடும் காசில் அதிகப் பலன் தருவது அதுதான்; ரேம் விலை ஏறிக் கிடக்கும் இந்த நேரத்தில் ரேமை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 8 ஜிபி பென்டிரைவில் மின்டின் ஐஎஸ்ஓ பைலை (இன்ஸ்டால் பைல்) எழுதி, எஃப்12 (எச்பியில் எஃப்9) அழுத்தி பூட் செய்தால், டிஸ்க்கைத் தொடாமலே மின்ட் திரையில் வரும். அப்படியே இன்ஸ்டால் பட்டனை அழுத்திவிடாதீர்கள்.

இந்த இடத்தில்தான் பிரிண்டரைச் செருகிப் பார்க்க வேண்டும். மின்டா, 11-ஆ என்பதைக் கடைக்காரருக்குத் தீர்மானித்துத் தருவது பிராசஸரோ ரேமோ இல்லை, மேஜையில் இருக்கும் பிரிண்டர்தான்.

எப்சன் எல் வரிசை இங்க் டேங்க் என்றால் கவலையை விடுங்கள். இஎஸ்சி/பி-ஆர் டிரைவர் உபுண்டு கிடங்கிலேயே இருக்கிறது. செருகினால் பெயரோடு வந்து நிற்கும். ஸ்கேனுக்கு எப்சன் ஸ்கேன் 2-ஐ மட்டும் தனியாக இறக்கிக்கொள்ளுங்கள். ஏர்பிரிண்ட் என்று போட்டிருக்கும் வைஃபை பிரிண்டருக்கு டிரைவரே தேவையில்லை. பிரதர் நிறுவனமும் லினக்ஸ் டிரைவர் தருகிறது. அதில் எனக்குப் புழக்கம் குறைவு என்பதால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

எச்பி லேசர்ஜெட் 1020, எம்1005 இரண்டும் ஓடும், ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு. 1020-க்குள் அதன் ஃபர்ம்வேர் (அதை இயக்கும் உள் மென்பொருள்) நிரந்தரமாகத் தங்காது. ஒவ்வொரு முறை கரண்ட் வந்து பிரிண்டர் ஆன் ஆகும்போதும் கம்ப்யூட்டர்தான் அதை யுஎஸ்பி வழியாக ஊட்ட வேண்டும். விண்டோஸ் டிரைவர் அதைச் சத்தமில்லாமல் செய்துவிடும். லினக்ஸில் எச்பிஎல்ஐபி என்ற எச்பி டிரைவர் தொகுப்பு இருந்தால் மட்டும் பத்தாது, எச்பியின் பிளகின்னையும் இறக்க வேண்டும். டெர்மினலில் "எச்பி-பிளகின்" (hp-plugin) கட்டளை கொடுத்தால் அதுவே இறக்கி வைத்துக்கொள்ளும். இதைச் செய்யாவிட்டால் பிரிண்ட் கியூவில் வேலை முடிந்ததாகக் காட்டும், பச்சை விளக்கும் எரியும், பேப்பர் மட்டும் வராது. டோனர் தீர்ந்துவிட்டது என்று நினைத்து கார்ட்ரிட்ஜைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருப்பார்கள். பிளகின்னும் எச்பிஎல்ஐபியும் ஒரே பதிப்பு எண்ணில் இருக்க வேண்டும். மின்ட் 22 வரிசைக்குள் தொந்தரவு இல்லை. அடுத்த பெரிய வரிசைக்குத் தாவிய அன்று பிளகின்னை மறுபடி இறக்குங்கள். ஃபூ2இசட்ஜேஎஸ் என்ற பழைய டிரைவரையும் கூடவே போட்டு வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒன்றை நீக்குங்கள்.

கேனான் எல்பிபி2900 இருந்தால் நிலைமை வேறு. பல கடைகளில் உழைத்துக்கொண்டிருக்கும் பிரிண்டர் அது. உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது பேசும் கேப்ட் மொழிக்குக் கேனான் தந்த லினக்ஸ் டிரைவர் பழையது, 32 பிட் லைப்ரரிகளைக் கேட்கும். பின்னணியில் சிசிபிடி என்ற சேவை ஓட வேண்டும். பிரிண்டரை அணைத்துப் போட்டால் அந்தச் சேவை அடிக்கடி தொலைந்துபோகும்; மறுபடி எழுப்பிவிட வேண்டும். நாளுக்கு இரண்டு முறை கரண்ட் போகும் ஏரியாவில் இது சரிப்பட்டு வராது. விண்டோஸ் பெட்டியில் மாட்டி நெட்வொர்க்கில் ஷேர் செய்தால் தீர்ந்துவிடும் என்று நினைப்பார்கள். தீராது, லினக்ஸ் பக்கமும் அதே டிரைவர்தான் தேவை. ஒரு விண்டோஸ் பெட்டியில் பிரிண்டரை மாட்டி, மின்டிலிருந்து பிடிஎஃப்பைப் பொது ஃபோல்டரிலோ பென்டிரைவிலோ போட்டு அங்கிருந்து அடிப்பதுதான் நிற்கும் வழி. ஒரே ஒரு பெட்டி, ஒரே ஒரு 2900 என்றால் மின்ட் வேண்டாம் என்று நானே சொல்வேன்.

எந்தப் பிரிண்டரானாலும், மின்ட் இன்ஸ்டால் செய்யும்போது மொழி கேட்கும் இடத்தில் ஆங்கிலம் (இந்தியா) தேர்ந்தெடுங்கள். அமெரிக்க ஆங்கிலத்தை விட்டுவிட்டால் பேப்பர் அளவு லெட்டர் என்று உட்கார்ந்துகொள்ளும். டிரேயில் ஏ4 இருந்தும் விளக்கு மினுக்கிக்கொண்டு நிற்கும். மனு அடிப்பவர்கள் லிப்ரே ஆபீஸில் லீகல் அளவுக்குத் தனியாக ஒரு டெம்ப்ளேட் வைத்துக்கொண்டால் வேலை மிச்சம்.

தமிழ் அடிப்பதில் பயம் வேண்டாம். மொழி மாற்றித் தரும் ஐபஸ்ஸோடு (IBus) எம்17என் (m17n) என்ற கீபோர்டுத் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஃபொனெட்டிக், டைப்ரைட்டர் மூன்றும் கிடைக்கும். டைப்ரைட்டிங் ஹையர் முடித்து அந்த விரல் பழக்கத்தில் அடிப்பவர்கள் பென்டிரைவிலிருந்து ஓடும் லைவ் திரையிலேயே ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிடுங்கள். ஒன்றிரண்டு குறி இடம் மாறி இருக்கலாம். பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் சேர்த்து வைத்த மனுக்கள்தான் உண்மையான வேலை. அவை யூனிகோட் இல்லை. ஃபான்ட் இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரியும். விண்டோஸை அழிக்கும் முன்பே ஃபான்ட்ஸ் ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்து, அடிக்கடி தேவைப்படும் பைல்களை யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள்.

இரண்டு பெட்டி இருக்கும் கடைக்கு என் ஏற்பாடு இது: கவுண்டர் பெட்டியில் மின்ட், கஸ்டமர் பென்டிரைவ் எல்லாம் அதில் மட்டும். உள்ளே ஒரு விண்டோஸ் 10, பேஜ்மேக்கருக்கும் 2900-க்கும், நெட் கேபிளைக் கழற்றிய நிலையில். இரண்டுக்கும் நடுவே பைல் கொண்டுபோக ஒரே ஒரு பென்டிரைவை ஒதுக்கி, மேலே ஸ்டிக்கர் ஒட்டி, அதை வேறு எதிலும் செருகாதீர்கள்.