வியா ஃபிரான்சிஜெனா நடக்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்: எங்கள் 1,180 யூரோ போய்விட்டது

இத்தாலியின் சியெனாவில் ஒரு விடுதி அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்றால், அதற்குள் இன்னும் நாலு பேர் எங்களை ஏமாற்றிய பயண ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டிவிடுவார்கள். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

போனது 1,180 யூரோ. நம் காசில் ஒரு லட்சத்துக்கு மேல். எனக்கும் அக்காவுக்கும் சேர்த்து ஐந்து இரவு அறை, காலை உணவு, ஊருக்கு ஊர் பெட்டி கொண்டுபோகும் வேன், முத்திரை வாங்கும் யாத்திரீகர் அட்டை, முடிவில் ஒரு "வத்திக்கான் சான்றிதழ்". இதற்குத்தான் அந்தப் பணம். கிடைத்தது ஒரே ஒரு இரவு அறை.

பாதையைத் தெரியாதவர்களுக்காக: இங்கிலாந்தின் கேன்டர்பரியிலிருந்து ரோம் வரை வரும் பழைய யாத்திரைப் பாதை இது. 990-ல் கேன்டர்பரி பேராயர் சிகெரிக் ரோமுக்குப் போய்த் திரும்பும்போது, தங்கிய ஊர்களை 79 கட்டங்களாகக் குறித்து வைத்தார். இன்றைய பாதை பெரும்பாலும் அந்தக் குறிப்பை ஒட்டித்தான் போகிறது. அக்கா வேளாங்கண்ணிக்குப் பல வருடம் நடந்தே போனவள். இந்தப் பாதை அவளுடைய நெடுநாள் ஆசை. முழுவதும் நடக்க விடுப்பும் இல்லை, முழங்காலும் இடம் கொடுக்காது. அதனால் இத்தாலியில் டஸ்கனி பகுதியின் மலை ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டோம்: சான் மினியாத்தோ, கம்பாஸி தெர்மே, சான் ஜிமிஞானோ, மொன்தெரிஜோனி, சியெனா.

நடைப்பயணத் தொகுப்புகளை விற்கும் ஒரு இணையதளம். பெயர் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். தளம் ஒன்று, அதில் கடை விரித்திருக்கும் ஏற்பாட்டாளர் இன்னொருவர். ஏற்பாட்டாளர் வீடியோ அழைப்பில் வந்தார். எங்களை நம்ப வைத்தது அந்த அழைப்புதான். விலையைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. முதலில் அக்காவின் முழங்காலைப் பற்றிக் கேட்டார். வரைபடத்தைத் திரையில் போட்டு, "சான் மினியாத்தோவிலிருந்து கம்பாஸிக்கு 24 கிலோமீட்டர், வழியில் கடையே இல்லை, தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், கோயானோ தேவாலயத்துப் பக்கம் உட்கார்ந்து ஓய்வெடுங்கள்" என்றார். மழை பெய்தால் களிமண் காலணியில் எப்படி அப்பும் என்றுகூடச் சொன்னார். பாதையைப் பற்றி அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. நடந்தபோது அப்படியேதான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பாதையை அவ்வளவு அறிந்த ஒருவர், அந்த அறிவையே தூண்டிலாகப் போட்டிருக்கிறார்.

பணம் கட்டும் லிங்க் தளத்தின் சாட் பெட்டிக்குள்ளேயே வந்தது, தளத்தின் சின்னத்தோடு. "இந்த வாரம் கார்டு வழி கோளாறாக இருக்கிறது, வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்" என்று ஒரு வரி. அனுப்பினோம். ஐந்து விடுதிகளின் பெயரோடு உறுதிச்சீட்டு வந்தது.

முதல் இரவு சான் மினியாத்தோவில் எல்லாம் சரியாக இருந்தது. எங்கள் பெயருக்கு அறை. மேசை மேல் ஒரு உறை, அதற்குள் யாத்திரீகர் அட்டை, பெட்டிக்குக் கட்டச் சொல்லி இரண்டு மஞ்சள் சீட்டு. காலையில் சீட்டைக் கட்டிப் பெட்டிகளை வரவேற்பறையில் வைத்துவிட்டு நடந்தோம்.

சாயங்காலம் கம்பாஸியில் அந்த விடுதிக்காரம்மா பதிவேட்டைப் புரட்டினார். கணினியில் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் உறுதிச்சீட்டை வாங்கி வரி வரியாகப் படித்தார். பிறகு தலையை ஆட்டினார். எங்கள் பெயரும் இல்லை, அந்த ஏற்பாட்டாளரை அவருக்குத் தெரியவும் தெரியாது. அறையும் காலி இல்லை. பெட்டி வந்ததா என்று கேட்டேன். எதுவும் வரவில்லை.

"டேய் தம்பி, என் பிரஷர் மாத்திரை அந்தப் பெட்டியிலதானடா இருக்கு" என்றாள் அக்கா.

24 மணி நேரமும் எடுப்போம் என்று கொடுத்த எண் அடித்துக்கொண்டே இருந்தது. தளத்தின் சாட்டில் எழுதினேன். "உங்கள் கோரிக்கை பதிவானது, 72 மணி நேரத்துக்குள் பதில் வரும்." இருட்டப் போகிறது, அறுபதை நெருங்கும் பெண்மணி மாத்திரை இல்லாமல் தெருவில் நிற்கிறாள், இவர்களுக்கு 72 மணி நேரம் வேண்டும்!

ஊருக்குச் சற்று முன்னால் கியானி என்ற இடத்தில் பழைய தேவாலயமும் அதை ஒட்டி யாத்திரீகர் விடுதியும் உண்டு. சிகெரிக்கின் பட்டியலிலேயே இருக்கும் இடம். வந்த வழியே திரும்பி நடந்தோம். அங்கிருந்தவர் ஒரு கேள்வியும் கேட்காமல் இரண்டு கட்டில் கொடுத்தார். சான் மினியாத்தோவுக்குப் போன் போட்டார். பெட்டிகள் வரவேற்பறையில் வைத்த இடத்திலேயே இருந்தன, மஞ்சள் சீட்டோடு. எந்த வேனும் வரவில்லை. டாக்ஸி பிடித்துப் போய் எடுத்து வந்தேன், அது தனிச் செலவு. முத்திரை போட எங்கள் அட்டையை வாங்கியவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். அது கலர் ஜெராக்ஸ். சில யூரோவுக்கு முறையாக வாங்கக்கூடிய அட்டைக்குக்கூட இவர்கள் நகல் எடுத்திருக்கிறார்கள். அவரே புது அட்டை ஒன்றை எடுத்து முத்திரை வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் சான் ஜிமிஞானோ விடுதிக்குப் போன் போட்டுக் கேட்டேன். அங்கேயும் பதிவு இல்லை. மொன்தெரிஜோனியிலும் இல்லை. சியெனாவிலும் இல்லை. குன்றின் மேல் சான் ஜிமிஞானோவின் கோபுரங்கள் தூரத்தில் தெரிந்தபோது அக்கா நின்று கும்பிட்டாள். ஒரு காலத்தில் எழுபதுக்கு மேல் இருந்து, இன்று 14 நிற்கும் கோபுரங்கள். நான் போனில் சாட் ஆளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். 1,180 யூரோவோடு இதையும் பறித்துக்கொண்டார்கள்.

தளத்தின் பதில்கள் இப்படி வந்தன. முதலில், "ஏற்பாட்டாளரிடம் நேரடியாகப் பேசுங்கள்." அவர் எடுக்கவில்லை என்றதும், "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே." லிங்க் உங்கள் சாட்டில்தானே வந்தது என்று படம் அனுப்பினேன். "பணம் எங்கள் வழியாக வரவில்லை, எனவே பாதுகாப்பு பொருந்தாது." கடைசியாக, "உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?" வங்கியோ, நீங்களே அனுப்பிய பணம், பெறுபவர் சம்மதித்தால்தான் திரும்பும் என்கிறது. 1,180 யூரோவை எடுத்தவர் எதற்குச் சம்மதிக்கப் போகிறார்?

இங்கே கரபினியேரி காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து நகல் வாங்கிவிட்டேன். ஊரில் அத்தான் 1930-க்குப் போன் செய்து சைபர் குற்றப் பிரிவிலும் பதிந்துவிட்டார்.

இந்த சியெனாவில் பேராலயத்துக்கு எதிரே சான்தா மரியா தெல்லா ஸ்காலா இருக்கிறது. ரோமுக்கு நடந்தவர்களுக்குச் சோறும் படுக்கையும் மருத்துவமும் கொடுத்த பழைய ஆஸ்பத்திரி. யாத்திரீகர் கூடத்தின் சுவர் முழுக்க அந்தப் பணிவிடையை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். நடந்து வருகிறவனைக் கைவிடக் கூடாது என்று பல நூற்றாண்டாக வாழ்ந்த பாதையை விளம்பரப் படமாக்கி இப்படித் திருடுகிறார்கள். வயிறு எரிகிறது.

விவரமான ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு முடிந்தது இவ்வளவுதான். வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள், கிரெடிட் கார்டு மட்டும். ஏற்பாட்டாளரின் 11 இலக்க இத்தாலிய வரி எண்ணைக் கேளுங்கள், தராவிட்டால் விடுங்கள். மாத்திரையும் மருந்துச்சீட்டும் முதுகுப்பையில், பெட்டியில் வேண்டாம். அப்புறம் அந்த வத்திக்கான் சான்றிதழ்: அது ரோமுக்கு முந்தைய கடைசி 100 கிலோமீட்டரை நடந்தவர்களுக்குத்தான். டஸ்கனி மட்டும் நடப்பவருக்கு அதை விற்கிறவர் பொய் சொல்கிறார்.

அந்த ஏற்பாட்டாளரின் இணையப் பக்கம் இன்று காலை வரை திறந்தேதான் இருக்கிறது, செப்டம்பருக்கு இடம் இருப்பதாகக் காட்டுகிறது. இப்படி எங்காவது ஏற்கெனவே கட்டியிருந்தால், உறுதிச்சீட்டில் உள்ள இரண்டாவது ஊர் விடுதிக்கு இன்றே நீங்களே போன் போட்டு உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் ஊரில் கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.