ஃபேக்டோரியோல சால்டர் இல்லாத சர்க்யூட்டும், அது நொட்டைன்னு மோட் போட்ட நானும்

ஃபேக்டோரியோன்னு ஒரு கேம், தாது தோண்டி, மெஷின் வச்சு, பெல்ட்ல ஓட விட்டு ஃபேக்டரி கட்டுறது. மோட்னா ஆடுறவங்களே எழுதி அதுல சேக்கற மாத்தம். நேத்து ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான், "அந்த ரியலிஸ்டிக் எலக்ட்ரானிக்ஸ் மோட் போடலாமாடா, ரொம்ப நாளா ஆடுறியே"ன்னு. ரெண்டு வரில பதில் அடிக்க உக்காந்தேன், இவ்ளோ நீளமாயிடுச்சு.

எனக்கு சால்டரிங் அயர்ன் பிடிச்சுப் பழகின கை. அதனால மொத நாள்லேந்தே கிரீன் சர்க்யூட், அதான் கேம்ல வர்ற அடிப்படை எலக்ட்ரானிக்ஸ் பார்ட், உறுத்திட்டே இருந்துச்சு. ஒரு இரும்புத் தகடு, மூணு செம்புக் கம்பி, அரை செகண்ட், ஆச்சு சர்க்யூட். இரும்புல எவன்டா போர்டு செய்றான்? பார்ட்ட போர்டுல உருக்கி ஒட்டுற சால்டர் எங்க, கரண்ட்டக் கட்டுப்படுத்துற ரெசிஸ்டர் எங்க? சிலிக்கான்ங்கற பேச்சே இல்ல. அதுக்கு அடுத்த படியான ரெட் சர்க்யூட்ல பிளாஸ்டிக்காவது வருது. அதுக்கும் மேல வர்ற ப்ளூ சர்க்யூட்ல கந்தக அமிலம் ஊத்தணும்னதும் சிரிச்சேன், ஆனா நெஜ சிப் ஃபேக்டரில சிப் செய்யற மெல்லிய சிலிக்கான் தட்ட, அதான் வேஃபர, கழுவ கந்தக அமிலத்தோட ஹைட்ரஜன் பெராக்சைட கலந்துதான் யூஸ் பண்றாங்க, நான் சிரிச்ச இடம்தான் இருக்கறதுலயே உண்மைக்குக் கிட்ட இருந்துருக்கு.

சரின்னு மோட் போட்டேன். மொத வாரம் சொர்க்கம். ஈயம் தனி லைன், வெள்ளீயம் தனி லைன், ரெண்டும் சேந்து சால்டர், போர்டு தனி, ரெசிஸ்டர் தனி. பெல்ட்ல ரெசிஸ்டர் வரிசையா போறதப் பாத்துட்டே சும்மா உக்காந்திருந்தேன், வெக்கமில்லாம சொல்றேன்.

அப்புறம் ஒரு நாள் ஈயம் தீந்துபோச்சு. ஈயம் இல்லன்னா சால்டர் இல்ல, சால்டர் இல்லன்னா சர்க்யூட் இல்ல, புதுசா ஈயம் தோண்ட எலக்ட்ரிக் டிரில் வேணும், அந்த டிரில்லுக்கே சர்க்யூட் வேணும், பெட்டில ஒண்ணு கூட மிச்சமில்ல. ராக்கெட் விட்டு கேம முடிக்கப்போற நேரத்துல, ஆட்டம் ஆரம்பிச்ச மொத பத்து நிமிஷத்துல வைப்போமே அந்த நிலக்கரி டிரில், அத நாலு வச்சு கையால கரி போட்டுட்டு நின்னேன். ரெண்டு மணி நேரம் போச்சு.

மோட் இல்லாம ஆடுறப்பவும் செலவு கொஞ்சநஞ்சமில்ல. ஒரு ப்ளூ சர்க்யூட்ட பிரிச்சுப் பாத்தா 40 செம்புத் தகடு, 24 இரும்புத் தகடு. கம்பி செய்ய மூணு அசெம்ப்ளர் (பார்ட் செய்யற மெஷின்), கிரீன் சர்க்யூட்டுக்கு ரெண்டுன்னு கணக்கா வச்சாலும் செம்பு பெல்ட் எப்பவும் காஞ்சுதான் கெடக்கும். ஆனா அந்தப் பசி கண்ணுக்குத் தெரியும், செம்புத் தாது கெடைக்கிற இன்னொரு எடம் பிடிச்சா தீரும். மோட்ல அப்படியில்ல, எங்கயோ மூலைல ஒரு அல்ப ஐட்டம் நின்னு மொத்த ஃபேக்டரியையும் படுக்க வைக்கும், எதுன்னு தேடித் தேடியே பொழுது போயிடும். ஒரு சின்ன பார்ட் கெடைக்காம மொத்த போர்டையும் மேசைல மாசக்கணக்கா போட்டு வச்சிருந்தவங்களுக்குத் தெரியும், நெஜமும் இப்படித்தான். அதனாலதான் எரிச்சலே. அத மறக்கத்தானே கேம் ஆடுறோம்?

மோட் செஞ்சவங்க மேல குத்தம் சொல்ல மாட்டேன். ரெசிபில நியாயம் இருக்கு, உழைப்பு தெரியுது. ஆனா போடாதடா. அரை செகண்ட் பொய்யே போதும்.

என் சேவ்ல இன்னும் அந்த மோட் தான் ஓடுதான்னு கேட்டுராத, இப்ப ஈயத்துக்கு ரெண்டாவது ரயில் விட்டுட்டிருக்கேன்.