சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் மேப் எடிட்டர்: தண்ணியும் மேடு பள்ளமும்

சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2015ல வந்த ஊர் கட்டுற கேம்தான், ஆனா ஊர் கட்டுனத விட மேப் எடிட்டர்ல (ஊருக்கான நெலத்த நாமளே செதுக்குற எடம்) மண்ணு தோண்டுன நேரம்தான் எனக்கு ஜாஸ்தி. இதுல தண்ணி நெஜமாவே ஓடும், பள்ளத்த தேடி போகும், அணை கட்டுனா தேங்கும், அதனால நெலத்தோட உயரத்துல எங்க சொதப்புனாலும் தண்ணி காட்டிக் குடுத்துரும். கடல் மட்டம் டீஃபால்ட்டா 40 மீட்டர், நெலம் 0லருந்து 1024 மீட்டர் வரைக்கும் போகலாம்.

மொத மேப்ல வாட்டர் சோர்ஸ, அதாவது தண்ணி ஊறி வர்ற எடத்த, மலை மேல வச்சு கெப்பாசிட்டிய ஃபுல்லா ஏத்திட்டு டீ போட போயிட்டேன், வந்து பாத்தா சமவெளி மொத்தமும் ஏரி. தப்பு என்னோடதுதான்பா.

டூல்ஸ்ல எனக்கு புடிச்சது லெவல் டூல், ரைட் கிளிக் பண்ணி ஒரு எடத்தோட உயரத்த எடுத்துக்கிட்டு மத்த எடத்தையும் அதே அளவுக்கு சமமாக்கிடலாம். ஹைட்மேப் (நெலத்தோட உயரத்த கருப்பு வெள்ளை ஷேடுல காட்டுற படம்) இம்போர்ட் பண்றவங்க 1081க்கு 1081 பிக்சல்ல 16 பிட் படமா குடுங்க, 8 பிட்ல 256 உயர அளவுதான் இருக்கும், ஒவ்வொன்னும் 4 மீட்டர், மலை கோயில் படிக்கட்டு மாதிரி ஆயிரும், அப்புறம் மேடு பள்ளத்த வழவழப்பாக்குற சாஃப்டன் பிரஷ்ஷ வச்சு தேச்சு தேச்சு கை வலிக்கும்.

கத்துக்க டைம் எடுக்கும், ஆனா பொறுமை இருந்தா செம ஐட்டம். ஆத்தோட அடிய மேப் ஓரத்துல 40 மீட்டருக்கு கீழ எறக்கி விட்டுட்டா கடல் தண்ணி தானா உள்ள வந்துரும், அந்த எடத்துல சோர்ஸே வேணாம்.