தலைநகரில் 43, வெற்று வரைபடத்தில் 6

பள்ளி நாட்களில் தலைநகரம் சொல்வதில் என்னை யாரும் அசைத்ததில்லை. நாட்டின் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்து விழும். அந்தத் திமிரோடுதான் இந்தப் புவியியல் வினாடி வினா செயலியைக் கைப்பேசியில் இறக்கினேன். ஒன்பதாவது படிக்கும் அக்கா மகளுக்காக என்று சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதம் ஆகிறது. அவள் எப்போதாவது எட்டிப் பார்க்கிறாள். நான்தான் தினமும் உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று சுற்றுகள். உலக நாடுகள், இயற்கை அமைப்பு, வெற்று வரைபடம். முதல் இரண்டில் 50 கேள்விகள், மூன்றாவதில் 20 இடங்கள்.

உலக நாடுகள் சுற்றில் முதல் நாளே 43 வாங்கினேன். எல்லாம் பழகிய பொறிகள்தான். ஆஸ்திரேலியா என்றதும் சிட்னியைத் தொடுபவர்களுக்காக சிட்னியை முதலிலேயே வைத்திருப்பார்கள். சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் நடந்த இழுபறியில் இரண்டுக்கும் இல்லாமல் 1908இல் கான்பெரா தேர்வானது என்று பதிலுக்குக் கீழே ஒரு வரி போட்டிருந்தால் யாருக்கும் ஆயுளுக்கும் மறக்காது. இந்தச் செயலி பச்சை டிக் மட்டும் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடுகிறது. ஆனால் தென் ஆப்பிரிக்காவில் கெட்டிக்காரத்தனம் காட்டியிருக்கிறார்கள். "தலைநகரம் எது?" என்று கேட்காமல், "நாடாளுமன்றம் எந்த நகரில்?" என்று கேட்கிறார்கள். பிரிட்டோரியா, கேப் டவுன், புளூம்ஃபான்டெய்ன் என்று மூன்று தலைநகரம் உள்ள நாட்டை அப்படித்தான் கேட்க வேண்டும். கேப் டவுன் என்று தொட்டபோது எனக்கே ஒரு சின்னக் கர்வம்.

அந்தக் கர்வத்தைக் கஜகஸ்தான் கெடுத்தது. அஸ்தானா என்றேன். தவறாம். நூர்சுல்தான்தான் சரியாம். 2019இல் அப்படிப் பெயர் மாற்றியது உண்மைதான். ஆனால் 2022இலேயே மறுபடி அஸ்தானா ஆகிவிட்டது. இன்னொரு கேள்வியில் ஸ்வாசிலாந்து இன்னும் ஸ்வாசிலாந்தாகவே இருக்கிறது. அந்த நாடு 2018இல் எஸ்வாத்தினி ஆகிவிட்டதை யாரும் போய்ச் சொல்லவில்லை போலிருக்கிறது. கேள்விகளை ஒரு காலத்தில் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள், அப்புறம் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

இதைவிட எரிச்சல், பதிலைத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேள்விகள். நான் கான்பரா என்று அடித்தால் தவறு. கேன்பெரா என்றாலும் தவறு. கான்பெரா என்றால்தான் ஏற்றுக்கொள்கிறது. வெளிநாட்டுப் பெயரைத் தமிழில் நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள் என்பது இதைச் செய்தவர்களுக்குத் தெரியாதா? அவர்களே ஒரு கேள்வியில் அட்சரேகை என்கிறார்கள், அடுத்ததில் அகலாங்கு என்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம்.

இயற்கை அமைப்பு சுற்றுக்கு வருகிறேன். உலகின் மிகப் பெரிய பாலைவனம் எது? நான் அண்டார்டிகாவைத் தொட்டேன். சிவப்பு. சஹாரா என்று பதில் வந்தது. மணல் இருந்தால்தான் பாலைவனம் என்று எந்தப் புவியியலும் சொல்லவில்லை. மழையும் பனியும் எவ்வளவு குறைவாக விழுகின்றன என்பதுதான் கணக்கு. அண்டார்டிகா ஏறக்குறைய 1.4 கோடி சதுர கிலோமீட்டர், சஹாரா சுமார் 90 லட்சம். வெப்பப் பாலைவனங்களில் பெரியது எது என்று கேட்டிருந்தால் சண்டையே இல்லை. செயலியிலேயே 'தவறைத் தெரிவிக்க' என்று ஒரு பொத்தான் உண்டு, எழுதிப் போட்டேன். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று வந்தது. சஹாரா இன்னும் அசையவில்லை.

எவரெஸ்டில் இன்னொரு கூத்து. விடைகளில் 8,848 மீட்டரும் இருக்கிறது, 8,849 மீட்டரும் இருக்கிறது. 8,848தான் சரி என்கிறார்கள். நேபாளமும் சீனாவும் சேர்ந்து 2020 டிசம்பரில் அறிவித்த உயரம் 8,848.86. முழு எண்ணாக்கினால் எது வரும்? ஒரு மீட்டருக்காக மதிப்பெண்ணைப் பிடுங்குகிறவர்கள் அந்த மீட்டரையாவது சரியாகப் பிடிக்க வேண்டாமா?

இந்தச் சுற்றில் சில பதில்களுக்கு விளக்கமும் உண்டு. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள அட்டகாமா பாலைவனம் ஏன் இவ்வளவு வறண்டது என்பதற்கு அவர்கள் தரும் விளக்கம்: "அங்கு மழை மிகக் குறைவு." சரி, மழை ஏன் குறைவு? கரையோரமாக ஓடும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் மேலே உள்ள காற்றையும் குளிர வைத்துவிடுகிறது. குளிர்ந்த காற்று மேலே எழும்பாது, எழும்பாமல் மழை மேகம் ஏது? கிழக்கிலிருந்து ஈரக் காற்று வரலாம் என்றால் ஆண்டீஸ் மலை குறுக்கே நிற்கிறது. ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் உள்ள நமீப் பாலைவனத்துக்கும் பெங்குவேலா என்று ஒரு குளிர் நீரோட்டம் உண்டு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

ஒன்றே ஒன்று நன்றாக அமைந்திருந்தது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும் மாதம் எது? அக்கா மகள் யோசிக்காமல் ஜூன் என்றாள். ஜனவரி. அப்போது சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி. "அப்போ வெயில் ஏன் மாமா ஜனவரியில அடிக்கல?" என்று கேட்டாள். பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதை ஒரு பந்தைச் சாய்த்துப் பிடித்து விளக்க அரை மணி நேரம் ஆனது. தெற்கே ஜனவரிதான் கோடை என்றதும் பந்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

இத்தனை குறை சொல்லியும் செயலி என் கைப்பேசியில் இருப்பதற்குக் காரணம் மூன்றாவது சுற்று. வெற்று வரைபடத்தில் ஊர் பெயர் வரும், குண்டூசியை இழுத்து அந்த இடத்தில் குத்த வேண்டும். எளிதான நிலையில் கண்டங்களின் ஓரம் தெரியும். 'கடினம்' என்று வைத்தால் கரைகளும் அழிந்துவிடும். வெறும் கட்டம் போட்ட நீலத் திரை, நடுவில் நிலநடுக்கோடு, அவ்வளவுதான். குத்தியதும் உண்மையான இடத்துக்கு ஒரு சிவப்புக் கோடு நீண்டு, எத்தனை கிலோமீட்டர் தள்ளிப் போனோம் என்று காட்டும். 500க்குள் இருந்தால் ஒரு மதிப்பெண்.

முதல் நாள் 20க்கு 6.

லிமாவைக் கேட்டார்கள். பெரு, மேற்குக் கரை, எல்லாம் தெரியும். வட அமெரிக்காவுக்கு நேர் கீழே தென் அமெரிக்கா என்று என் தலையில் ஒரு படம் இருந்தது. அதை நம்பிக் குத்தினேன். ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தள்ளிப் பசிபிக் நடுவே விழுந்தது. லிமா மயாமிக்கும் கிழக்கே இருக்கிறதாம்! நம்பாமல் தீர்க்கரேகையைப் பார்த்தேன். லிமா மேற்கே 77 டிகிரி, மயாமி 80. தென் அமெரிக்காவே எவ்வளவு கிழக்கே தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

அடுத்து ரோம். நியூயார்க்கில் பனி கொட்டுவதைப் பார்த்துப் பார்த்து, ரோம் அதற்குத் தெற்கே இருக்கும் என்று எண்ணியிருந்தேன். ரோம்தான் வடக்கே, கிட்டத்தட்ட 42வது டிகிரியில். நியூயார்க் 41க்குக் கொஞ்சம் கீழே. ரோமுக்கு மத்தியதரைக் கடலின் வெதுவெதுப்பு கிடைக்கிறது. நியூயார்க்குக்குக் குளிர்காலத்தில் கண்டத்தின் உள்ளேயிருந்து உறைந்த காற்று வருகிறது. பாவம், அட்சரேகை என்ன செய்யும்?

இதே சுற்றில் கப்பல் கேள்வி ஒன்றும் வந்தது. அட்லாண்டிக்கிலிருந்து பனாமா கால்வாய் வழியாகப் பசிபிக் போகும் கப்பல் எந்தத் திசையில் செல்லும்? விரலால் கோடு இழுக்க வேண்டும். வலமிருந்து இடமாக, மேற்கே இழுத்தேன். தென்கிழக்கு என்று வந்தது. பனாமா நிலம் அந்த இடத்தில் நெளிந்து கிடப்பதால் அட்லாண்டிக் வாய் வடமேற்கே இருக்கிறது. அன்று இரவு அக்கா மகளைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டேன். அவளும் மேற்கே இழுத்தாள். நிம்மதியாகத் தூங்கினேன்.

இணையம் இல்லாமலும் ஓடுகிறது. தவறு செய்தால் ஒரு கொம்பு ஊதும், முதல் வேலையாக அமைப்புகளில் போய் அதை அணைத்துவிடுங்கள். தேர்வுக்குப் படிப்பவர்கள் முதல் இரண்டு சுற்றை நம்ப வேண்டாம், பழைய தகவலைச் சரியென்று மனதில் ஏற்றிவிடும். மூன்றாவது சுற்றை மட்டும் நேராகக் 'கடினம்' வைத்து ஆடுங்கள்.

நேற்று 13 வாங்கினேன். லிமாவுக்கு 140 கிலோமீட்டர் பக்கத்தில் போய்விட்டேன். மங்கோலியாவின் தலைநகர் உலான்பாத்தர் மட்டும் இன்னும் கைக்குச் சிக்கவில்லை, ஒவ்வொரு முறையும் ரஷ்யாவில் போய்க் குத்துகிறேன்.