ஒரே பெட்டி, பதினொரு முகவரி: தண்டர்பேர்டில் ஆறு வருடம்

போன வாரம் சித்தப்பா மகன் போனில் கேட்டான்: “அண்ணே, வேலைக்கு ஒண்ணு, பில்லுக்கு ஒண்ணு, கடைகளுக்கு ஒண்ணுன்னு இத்தனை மெயில் முகவரி வெச்சிருக்கீங்களே, பதில் போடும்போது குழம்பாதா?”

குழம்பாது. நான் மெயில் பார்ப்பது தண்டர்பேர்ட் என்ற மென்பொருளில். அதில் மெயில் எந்த முகவரிக்கு வந்ததோ, ரிப்ளையை அழுத்தினால் ஃப்ரம் வரியில் அதுவே வந்து உட்காரும். அடியில் இருக்கும் கையெழுத்தும் கூடவே மாறும். அக்கவுன்ட் செட்டிங்ஸில் ஒவ்வொரு முகவரியையும் ஒரு ஐடென்டிட்டியாக, அதாவது தனிப் பெயரும் கையெழுத்தும் உள்ள அனுப்புநராக, சேர்த்துவிட்டால் போதும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அங்கேயே இருக்கும் ஒரு டிக் பெட்டி. டெலிவரி ஹெடர், அதாவது மெயில் எந்த முகவரிக்கு வந்தது என்று அதன் தலைப்பில் இருக்கும் வரி, பொருந்தினால் இந்த ஐடென்டிட்டியிலிருந்தே பதில் அனுப்பச் சொல்வது. அதில் ஒரு நட்சத்திரக் குறி, @, பிறகு என் டொமைன் பெயர், இவ்வளவுதான் எழுதினேன். டொமைனுக்கு வரும் எல்லாமே ஒரே பெட்டியில் விழும்படி ஏற்கெனவே வைத்திருந்தேன். இப்போது புதுக் கடையில் பதியும்போது கவுன்டரில் நின்றபடியே கடைப் பெயரில் ஒரு முகவரி சொல்லிவிடுகிறேன். அதற்குத் தனி ஐடென்டிட்டி கிடையாது. ஆனாலும் பதில் அதே முகவரியிலிருந்து போகிறது. முதல்முறை பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்!

ஆனால் பெறுநர்களின் முகவரியை மறைத்து அனுப்பும் பிசிசி மெயில் இருக்கிறதே, அதுதான் உயிரை வாங்குகிறது. நான் மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கும் ஒரு பதிப்பகத்திலிருந்து எல்லா மெய்ப்பாளர்களுக்கும் பிசிசியில் ஒரு மெயில் வந்தது. அவசரத்தில் ‘சரி, செய்கிறேன்’ என்று அனுப்பிவிட்டேன். அது போனது வீட்டாருக்கு மட்டும் தெரிந்த என் மூல முகவரியிலிருந்து. அவர்கள் கணினி அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. இன்றுவரை மெய்ப்பெல்லாம் அங்கேதான் வருகிறது.

தண்டர்பேர்டைத் திட்டிக்கொண்டே கன்ட்ரோல்-யூ அழுத்தி, தலைப்பு வரிகள் எல்லாம் தெரியும்படி மெயிலின் முழு வடிவத்தைத் திறந்தேன். டூ வரியில் அனுப்பியவரின் முகவரியே இருந்தது. டெலிவர்ட்-டூ வரியில் என் மூலப் பெட்டி. வேலை முகவரி எங்குமே இல்லை. மெயில் முதலில் எந்த முகவரிக்கு வந்தது என்று சொல்லும் எக்ஸ்-ஒரிஜினல்-டூ என்று ஒரு வரி இருந்திருந்தால் தண்டர்பேர்ட் கண்டுபிடிக்க வழி இருந்திருக்கும். என் மெயிலை வாங்கி வைக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர் அதை எழுதுவதே இல்லை. இரண்டு முறை கேட்டுவிட்டேன், முடியாதாம். கடிதத்தில் இல்லாத முகவரியை எந்த மென்பொருள்தான் கண்டுபிடிக்கும்? கோபம் போகவில்லை, ஆனால் தப்பு தண்டர்பேர்டுடையது அல்ல.

அதனால் தம்பியிடம், “ரெண்டு முகவரி போதும்டா, இந்த வேலையே வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன். நான் பதினொன்றையும் விடப் போவதில்லை. ஹோஸ்டிங் புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது. வேறு இடம் பார்க்கிறேன். பணம் கட்டுமுன் சோதனைக் கணக்கு ஒன்று வாங்கி, எனக்கு நானே பிசிசியில் ஒரு மெயில் அனுப்பி, அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன்.