பத்மினிக்குப் பிரேக் பார்த்த புதுப்பேட்டைப் பட்டறை

என்னுடையது 84 மாடல் பிரீமியர் பத்மினி, நாலு சக்கரமும் டிரம் பிரேக். பத்து கிலோமீட்டர் ஓடினால் போதும், வலது முன்சக்கரத்தை யாரோ பிடித்து வைத்த மாதிரி ஆகிவிடும், டிரம்மில் கை வைக்க முடியாத சூடு, வண்டியும் வலப்பக்கமே இழுக்கும். முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் (பெயர் வேண்டாம்) மாஸ்டர் சிலிண்டரையே (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பம்ப்) மாற்றினார்கள், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டருக்குப் புது ரப்பர் கிட் போட்டார்கள், தொல்லை மட்டும் போகவில்லை. போதாக்குறைக்கு ரப்பர் வாஷரைப் பெட்ரோலில் கழுவினார்கள். பெட்ரோல் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிற இந்தப் பட்டறைக்குப் போர்டுகூட இல்லை. மெக்கானிக் அண்ணன் எதையும் கழற்றவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, பெடலை மிதித்து விடச் சொன்னார், சக்கரம் இறுகி நின்றது. முதலில், சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸுக்கு மேல்பக்கம் இரும்புப் பைப் சேரும் நட்டைத் தளர்த்தினார், சக்கரம் அசையவில்லை. அதை முறுக்கிவிட்டு, சக்கரத்தில் ஆயிலை வெளியே விட இருக்கும் நிப்பிளைத் திறந்ததும் ஆயில் சர்ரென்று பீச்சியது, சக்கரம் லேசாகச் சுற்றியது. "ஹோஸ் உள்ளுக்குள்ள வீங்கியிருக்கு சார், மிதிக்கும்போது ஆயில் போகுது, திரும்பி வர வழியில்ல" என்றார். இரண்டு நிமிட வேலை! வெளியே பார்த்தால் அந்த ஹோஸில் ஒரு கீறல்கூட இல்லை.

முன் ஹோஸ் இரண்டையும் ஜோடியாகவே மாற்றிவிட்டு ஆயில் மாற்ற ஆரம்பித்தார். நிப்பிளில் டியூப் மாட்டி பாட்டிலில் விட்டு, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின்சக்கரத்தில் தொடங்கி, வலது பின், இடது முன், கடைசியில் வலது முன். பையன் மிதிக்க, இவர் கீழே இருந்து "மிதி, பிடி, விடு" என்று குரல் கொடுக்க, முதலில் வந்தது டிக்காஷன் நிறத்தில் இருந்தது, தெளிவாக வரும் வரை விடவில்லை. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தது எனக்குப் புதுசு. வழக்கமாகப் பிஸ்டன் போகாத ஆழத்தில் சிலிண்டரில் துரு இருக்கும், அடிவரை மிதித்தால் வாஷர் அதில் உரசிக் கிழியுமாம்.

குறையும் உண்டு. எப்போதோ திறந்து வைத்த பாதி டப்பா ஆயிலைத்தான் முதலில் எடுத்தார். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறினால் அது 140 வரைகூட இறங்கும், சென்னைக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நானே ஓடிப்போய் சீல் பிரிக்காத அரை லிட்டர் டப்பா இரண்டு வாங்கி வந்தேன், நீங்களும் கையோடு கொண்டுபோய்விடுங்கள். அப்புறம், மட்கார்டில் துணி போடாமலேயே ஊற்றினார், நாலு சொட்டு சிந்தியது. பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவியதால் தப்பித்தது.

கூலி 1,200 ரூபாய், பில் கேட்டால் சிரிக்கிறார். பெடல் இப்போது கல் மாதிரி நிற்கிறது, சக்கரம் சுடுவதில்லை. காலையிலேயே போய்விடுங்கள், பதினோரு மணிக்கு மேல் அந்தச் சந்துக்குள் காரைத் திருப்பவே இடம் கிடைக்காது.